மிச்சம் வைக்காத தட்டு

ஆகாயத்தாமரை பூத்திருக்கும் நாட்களில் ஏரியைப் படம் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து கரையில் நிற்பார்கள். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைப் பிடுங்குகிறவளுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். வேர் முழுக்கச் சேறு, சேற்றில் அட்டை. மாடு மேய்க்கிறவர்கள் அதைத் திட்டுவார்கள். மீன் குத்தகைக்காரர் திட்டுவார். மதகை அடைத்துக்கொள்கிறது என்று நிலத்துக்காரர்கள் திட்டுவார்கள். அடி அண்ணாமலையில் அந்தச் செடி வேண்டும் என்று தேடிப் போன ஒரே ஆள் நான்தான். அதில் நான் சாப்பாட்டுத் தட்டு செய்தேன்.

வாங்க வருகிறவர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். "சாப்ட்டுட்டு அப்படியே போட்டுட்டுப் போங்க. மாடு வந்தா தின்னுடும். வரலன்னா ஒரு மழைல கரைஞ்சுடும். மிச்சமே இருக்காதுங்க." பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லாமல் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் கிடந்த காலம் அது. அதைத் தின்று வயிறு உப்பிச் செத்த மாட்டை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதை எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் தட்டே வாங்கிப் போவார்கள், அது வேறு விஷயம்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. கீழ்பென்னாத்தூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் இளவரசன் ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கிற வேலையில் இருந்தார். குழந்தை இல்லை. அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொதுவாகவே அவர் வார்த்தை சொல்கிறவர் இல்லை. காலையில் மில்லுக்குப் போவார், சாயங்காலம் வருவார், போட்டதைச் சாப்பிடுவார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், மல்லாட்டைத் துவையல் இருந்தால் மட்டும் இன்னொரு கை சோறு கேட்பார். எங்கள் குடும்பத்தில் சத்தம் என்று எழுந்தது அந்த ஒன்றுதான்.

தொண்ணூற்று ஐந்தில் சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு பேரும் மலை சுற்ற வந்தோம். அடி அண்ணாமலை வரும்போது வெறுங்காலில் கருவேல முள் ஏறிவிட்டது. ஒரு சோடாக் கடைப் படியில் உட்கார்ந்தேன். கடைக்காரி பாஞ்சாலை தன் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நீ முள்ள எடுத்துட்டு மெதுவா வா. நான் முன்னாடி போறேன்" என்றார். ராஜகோபுரத்துக்கு முன்னால் நிற்பார் என்று நினைத்தேன். அங்கே இல்லை. விடிந்து வெயில் ஏறும்வரை கோபுர வாசலில் நின்றேன். பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். வீட்டிலும் இல்லை.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது. எங்கள் ஊர் ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம், அதன் அடியில் காவி கட்டி உட்கார்ந்திருக்கிறார், தாடி வளர்ந்துவிட்டது, யாரிடமும் பேசுவதில்லை, மௌனசாமி என்று கூப்பிடுகிறார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அழுதேன், திட்டினேன், சட்டையைப் பிடிக்கலாம் என்றால் சட்டையும் இல்லை. மௌன விரதம், தொந்தரவு பண்ணாதீங்கம்மா என்று பக்கத்துக் காவிக்காரர் சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்தே அவர் அந்த விரதத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த தை மாதம் அடி அண்ணாமலைக்குக் குடி வந்தேன். பாஞ்சாலையின் கடைக்குப் பின்னால் ஒரு அறை, முன்னால் கொஞ்சம் வாசல். ஏன் இந்த ஊர் என்று எல்லோரும் கேட்டார்கள். வாடகை கம்மி என்று சொன்னேன். நிஜம் வேறு. எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனாரோ அந்த இடத்தில் இருந்தால்தானே திரும்பி வருகிறவர் கண்ணுக்குப் படுவேன்? பைத்தியக்காரத்தனம்தான். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அவரைப் பார்க்கப் போவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. மலையை வலமாகத்தான் சுற்றவேண்டும். என் அறையிலிருந்து அந்தப் புளியமரம் வலம் போகிற திசையில் முன்னால்தான், சீக்கிரம் போய்விடலாம். ஆனால் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடக்க எனக்கு மனம் வராது. அப்படியே முன்னால் போய், ஊருக்குள் நுழைந்து, கோயிலைத் தாண்டி, மலையை முழுசாகச் சுற்றித்தான் வீடு வந்து சேருவேன். புருஷன் முகத்தை ஒரு நிமிஷம் பார்க்கிறதற்கு அரை நாள் நடை. பார்க்கிற அந்த ஒரு நிமிஷமும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"உனக்குப் புண்ணியம் ஜாஸ்தி ஆயிக்கினே போவுது" என்று பாஞ்சாலை கேலி செய்வாள். "இந்தக் கணக்குல பார்த்தா உன் வூட்டுக்காரருக்கு முன்னாடி நீ மேல போயிடுவ."

தட்டுத் தொழில் வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. மகளிர் குழுவில் சேர்ந்திருந்தோம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கூடத்தில், வேண்டாத செடிகளிலிருந்து காகித அட்டை செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். குழுவில் எல்லோரும் போனோம், மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதன்பிறகு அந்தச் செடியைத் தொட்டவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் குழந்தைகள் இருந்தார்கள், ஆடு இருந்தது, சண்டை போட மாமியார் இருந்தாள். எனக்குச் சாயங்காலம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாத நேரம் எனக்கு நிறைய இருந்தது.

வேரை வெட்டி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் நறுக்கி, சாம்பல் தண்ணீரில் குழைய வேகவைப்பேன். அலசி, பழைய கிரைண்டரில் போட்டு ஆட்டுவேன். இட்லி மாவு ஆட்டுகிற கிரைண்டர்தான். இட்லி செய்து போட ஆள் இல்லாதபோது அதற்கும் வேலை வேண்டுமே. கூழில் புளியங்கொட்டைப் பசை கலந்து சல்லடையில் ஊற்றி வடிய விட்டு, ஈரம் பாதி இருக்கும்போதே இரண்டு தாம்பாளத்துக்கு நடுவில் வைத்து மேலே கல் ஏற்றிவிட்டால் தட்டு வடிவம் வந்துவிடும். பிறகு வெயில். மழைக்காலத்தில் அடுப்புச் சூடு. முதலில் செய்தவை அப்பளம் மாதிரி நெளிந்தன. சாம்பார் ஊற்றினால் மடியில் இறங்கின. பாஞ்சாலை ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எருமை மிதிச்ச வறட்டி கணக்கா இருக்குது" என்றாள். ஏரிக்கரையில் முளைக்கிற சம்பங்கோரையையும் சேர்த்து அரைத்த பிறகுதான் தட்டு நின்றது.

பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கலந்தால் பூச்சி அண்டாது. காகிதப் பை ஒட்டுகிறவர்கள் எல்லோரும் கலக்கிறதுதான். மாடு தின்கிற தட்டில் விஷத்தைக் கலக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் அடுக்கி வைத்த சரக்கைக் கரப்பான் கொறித்தது. படுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். முதலில் எழுந்து அடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். வீட்டில் என்னைத் தவிர இன்னொரு உயிர் நடமாடுகிறது என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்தது.

என் தட்டை முதலில் வாங்கியவர் முருகையன் அண்ணன். சென்னை வியாபாரிகள் சிலர் பணத்தில் குபேர லிங்கம் பக்கம் நடந்த அன்னதானக் கொட்டகைக்கு அவர்தான் பொறுப்பு. பாதையில் பிளாஸ்டிக் போடக்கூடாது என்று அப்போதுதான் கெடுபிடி ஆரம்பித்திருந்தது. தினமும் மத்தியானம் சாதுக்களும் இல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள், தட்டில் சோறு வைத்துக் கையில் கொடுப்பார்கள். அந்த வரிசையில் மௌனசாமியும் வருவார்.

எனக்கு அன்றைக்குப் பிடித்த வேகம் கொஞ்சநஞ்சமில்லை. இந்தத் தட்டு அவர் கைக்குப் போகலாம், இல்லை அடுத்தது போகலாம். எது போகும் என்று தெரியாததால் எல்லாவற்றையுமே அவருக்கென்று செய்தேன். ஓரத்தில் பிசிறு இருந்தால் உதட்டில் குத்துமே என்று தேய்த்து எடுப்பேன். ஊரார் நான் தொழிலில் முன்னுக்கு வருகிறேன் என்று நினைத்தார்கள். நான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

தட்டு போனால் போதுமா? என் கையாலேயே அவருக்குச் சோறு போடவேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு வாய் தின்றால் பழைய நினைப்பு வரும், எழுந்து வந்துவிடுவார் என்று நம்பினேன். தட்டுக் கட்டைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பரிமாறவும் நிற்பேன். நான் நிற்கிற நாளில் அவர் வரிசையில் பாதி தூரம் வருவார், என்னைப் பார்ப்பார், விலகிப் போய்விடுவார். துவையல் அரைத்து மரத்தடிக்கே எடுத்துப் போனேன். எழுந்து மலைப் பக்கம் நடந்துவிட்டார். விரட்டிக்கொண்டு போகாத குறைதான். இப்படி எத்தனையோ முறை. அவ்வளவு வெறுக்க நான் என்ன செய்துவிட்டேன் என்று கிரைண்டர் சத்தத்தில் அழுவேன். அது ஓடும்போது பாஞ்சாலைக்குக் கேட்காது.

ஒருநாள் முருகையன் அண்ணன் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அன்பு, கோச்சுக்காதம்மா. நீ பரிமாற வராத. நீ நிக்கற அன்னிக்கெல்லாம் சாமி பட்டினியா போயிடறாரு."

"என்னப் பாக்கவே புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லட்டுமேண்ணே."

"புடிக்காம இல்லம்மா. உனக்குத் தெரியாதா? கட்டின சம்சாரம் கையால பிச்சை வாங்கிட்டா, அதோட அந்த உறவு அறுந்துதுன்னு இங்க சாமியாருங்க மத்தியில ஒரு வழக்கம். வாங்கிட்டா அவரு முழுச் சாமி. நீ அவருக்கு சோறு போடற நாலு பேர்ல ஒருத்தி, அவ்ளோதான். வாங்காத வரைக்கும் அவரு பாதிதான். அதான் ஓடறாரு."

அவரைத் திரும்பக் கூட்டிவரத்தான் நான் சோற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்தச் சோறு ஒரே ஒரு தடவை அவர் கைக்குப் போயிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அறுந்து போகாமல் இத்தனை நாள் காப்பாற்றியது நான் இல்லை, அவர்.

அன்று மலையைச் சுற்றி வந்த நடை, கல்யாணத்துக்கு முன்பு சிறு பெண்ணாக நான் நடந்த நடை. ஊருக்குள் பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன். பாஞ்சாலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா, சாமி பேசிட்டாரா?" என்றாள். "பேசாமலே சொல்லிட்டாரு" என்றேன். அதன்பிறகு நான் பரிமாறப் போகவில்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டு, தூரத்திலிருந்து அவர் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவேன். என்னை விடாமல் இருக்கிறார் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் சந்தோஷமாகவே இருந்தேன். தனியாக இருக்கிறவளுக்குச் சந்தோஷத்துக்கு அதிகம் தேவைப்படாது.

பிறகு என் தம்பி மகள் கீர்த்தனாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். அத்தை நான். முதல் நலங்கு நான்தான் வைக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. பந்திக்கு என் தட்டுகளையே கட்டி எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். மணையில் பெண் உட்கார்ந்திருந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். தம்பி பெண்டாட்டி சரசு மெதுவாக அதை நகர்த்தி வைத்தாள். என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அவரு இருக்காரா இல்லையான்னே சொல்ல முடியல. இருக்காருன்னா நீங்கதான் முன்னாடி நிக்கணும். இல்லன்னா இல்லன்னு ஒரு பக்கம் இருந்துக்கலாம். இப்ப உங்கள எதுல சேக்கறதுன்னு பெரியவங்களுக்கே தெரியல."

அவள் கெட்டவள் இல்லை. சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. சரசுவின் ஒன்றுவிட்ட அக்கா முதல் நலங்கு வைத்தாள். மணையிலிருந்து கீர்த்தனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பந்திப் பக்கம் போய்த் தட்டு பிரித்துப் போட்டேன். குங்குமச் சிமிழ் எல்லாப் பெண்களிடமும் வந்தது. என்னிடம் வந்தபோது ஒரு நொடி நின்று அடுத்தவளிடம் போனது. ஆளாளுக்குத் தட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் பாதிச் சாமியாக இருந்துகொள்கிறார். மரத்தடி இருக்கிறது, காவி இருக்கிறது, மத்தியானம் சோறு இருக்கிறது. நான் பாதி என்ன? என்னை விடாமல் இருக்கிறார் என்று பூரித்துப் போனேனே, எந்த வீட்டில் வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்? போகவும் தைரியம் இல்லை, வரவும் தைரியம் இல்லை. மில்லில் ஒரு மோட்டாரைக்கூட அவர் இப்படிப் பாதியில் கழற்றிப் போட்டுவிட்டு வந்ததில்லை.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த ஒரு நாள் காலையில் மல்லாட்டை வறுத்தேன். காய்ந்த மிளகாய், புளி, இரண்டு பல் பூண்டு. அம்மியில்தான் அரைத்தேன். அடுக்கிலிருந்து ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்தேன். கரப்பான் தொடாதது, ஓரம் சரியாக வந்தது. சுடுசோற்றை வைத்து, பக்கத்தில் துவையலை வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துத் துணியில் கட்டினேன். பாஞ்சாலை கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசனை பிடித்து நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து பெருக்கினாள்.

அவர் புளியமரத்தடியில் ஈரம் இல்லாத பக்கமாக உட்கார்ந்திருந்தார். தாடி பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

"உக்காருங்க" என்றேன்.

மில்லுக்கு நேரமாகும்போது அவசரமாக எழுந்திருப்பவரை இரண்டாவது தடவை சோறு போட உட்கார வைக்கிற குரல் அது. அந்தக் குரல் என்னிடம் இன்னும் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் துணியை அவிழ்த்து, மேல் தட்டை எடுத்துவிட்டு, சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"வாங்கறதுன்னா வாங்கிக்குங்க. இல்லன்னா எழுந்து வீட்டுக்கு வாங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு. ஓடறது மட்டும் வேணாம்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முள் எடுக்க உட்கார்ந்தேனே, அன்றைக்குப் பிறகு அவர் என்னை நேருக்கு நேர் பார்த்தது இப்போதுதான். கண் அப்படியேதான் இருந்தது. துவையலைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். பக்கத்துக் காவிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கை வலிக்க ஆரம்பித்தது. நான் இறக்கவில்லை.

பிறகு அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

அவர் கை நீட்டக் கூடாது என்றுதான் நான் அதுவரை மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன். நீட்டிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. முடிவு தெரியவேண்டும் என்று வந்தவள்தான். ஆனாலும் எழுந்து வந்துவிடுவார் என்று அடிமனசில் ஒரு மூலையில் நம்பி, வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டே வந்திருந்தேன். பாய்கூடப் புதுசாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

தட்டை அவர் கையில் வைத்தேன். அவர் விரல் என் விரலில் பட்டது, சில்லென்று இருந்தது. திருவோட்டில் கொட்டிக்கொள்ளவில்லை. தட்டை மடியில் வைத்து, பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கை சோறு கேட்கவில்லை. முடித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சோறு போடுகிற எல்லோருக்கும் செய்கிற மாதிரி எனக்கும் கை கூப்பினார்.

நான் துணியை மடித்து இடுப்பில் செருகி, மேல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அந்தத் தட்டு வேண்டும் என்று தோன்றியது. கழுவிக் காயவைத்து வைத்துக்கொள்ளலாம். அவர் என் கையால் கடைசியாகச் சாப்பிட்டது, கைவிரல் தடமாவது அதில் இருக்கும். கிரிவலப் பாதையில் அன்றுதான் முதல் தடவையாக எதிர்த்திசையில் திரும்பி ஓடினேன். எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

மரத்தடியில் அவர் இல்லை. ஒரு செவலைப் பசு நின்றிருந்தது. தட்டில் பாதி அதன் வாய்க்குள் போயிருந்தது. துவையல் ஒட்டியிருந்த பக்கத்தை நக்கிவிட்டு, மீதியையும் இழுத்து மெதுவாக மென்று விழுங்கியது. கீழே தரையை ஒரு தரம் நக்கியது. பிறகு என்னைப் பார்த்தது, இன்னொன்று இருக்கிறதா என்பது போல.

மேலே கவிழ்த்திருந்த தட்டு என் கையிலேயே இருந்தது. அதையும் அதற்கே கொடுத்தேன்.